கவுன்ட்டி கோர்ட் கேஸ் கட்டைத் தேடி எடுப்பது எப்படி: அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் ஊரிலிருந்து விசாரிப்பவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா கூப்பிட்டார். மகளுக்கு டெக்சாஸ் மாப்பிள்ளை ஏறக்குறைய பேசி முடிக்கிற நிலை. பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, அமெரிக்காவிலேயே விவாகரத்தும் ஆகிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். "பேப்பரைக் காட்டுங்கன்னா, அது கோர்ட்ல இருக்கு, வெளியாளுக்குத் தர மாட்டாங்கன்னு சொல்லுதாங்க தம்பி. நெசமா?" என்றார்.

நெசமில்லை. டெக்சாஸில் விவாகரத்து வழக்கு பொது ஆவணம். அன்று மாலையே எனக்கு வழக்கு எண் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணை நம்பி அவசரப்பட்டிருந்தால் ஒரு நல்ல சம்பந்தம் கெட்டிருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறேன். குடியுரிமை, வீடு, கல்யாணம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக நண்பர்களோடு கோர்ட் கவுன்ட்டருக்குப் போய்வந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பார்ப்பது உங்கள் உரிமை

கவுன்ட்டரில் நிற்கும்போது நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. ஏதோ சலுகை கேட்பதுபோல் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதற்கு அவசியமே இல்லை. நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. பொதுவாக எந்தக் கட்டையும் பார்ப்பதற்கு நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

பலர் செய்கிற ஒரு தவறு: கோர்ட்டுக்குத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கடிதம் எழுதுவது. அந்தச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கானது. நீதிமன்றங்களை அது தொடாது. கோர்ட் கட்டுக்கு வழி கிளர்க் ஆபீஸ்தான், அதாவது கோர்ட் ஆவணங்களைப் பராமரிக்கும் அதிகாரியின் அலுவலகம்.

எந்தக் கோர்ட், எந்த கிளர்க்?

தேடிக் கிடைக்கவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தவறான கோர்ட்டில் தேடியவர்கள்தான். ஆகவே கணினியைத் திறக்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

திவால் வழக்கு என்றால் அது மத்திய நீதிமன்றம்; கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எத்தனை தேடினாலும் வராது. அதற்கு பேசர் என்ற தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் செலவு நின்றால் கட்டணமே கிடையாது. யாரோ ஒருவர் ஏற்கெனவே இறக்கிய ஆவணங்கள் கோர்ட்லிசனர் என்ற இலவசத் தளத்தில் சேர்ந்திருக்கும், முதலில் அங்கே பாருங்கள். குடியேற்ற நீதிமன்றம் தனி உலகம், அதன் கட்டுகள் பொதுப் பார்வைக்கு இல்லை.

நகருக்குள் போலீஸ் கொடுத்த டிராஃபிக் டிக்கெட் என்றால் அது பெரும்பாலும் நகராட்சி கோர்ட்டில் இருக்கும். விவாகரத்து, சொத்துத் தகராறு, கடன் வழக்கு, உயில், கிரிமினல் வழக்கு எல்லாம்தான் கவுன்ட்டி அளவில் வருபவை.

அதிலும் ஒரு சிக்கல். சில மாநிலங்களில் ஒரே கவுன்ட்டியில் இரண்டு கிளர்க் இருப்பார்கள். டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம் விவாகரத்து, பெரிய சிவில் வழக்குகள், பெரிய குற்ற வழக்குகள். கவுன்ட்டி கிளர்க்கிடம் உயில், திருமணப் பதிவு, நிலப் பத்திரம், பெரும்பாலான கவுன்ட்டிகளில் சிறு குற்ற வழக்குகளும். 20,000 டாலர் வரையான சிறு கடன் வழக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டில். மூன்று ஆபீஸ், மூன்று தேடல் பக்கம்.

மாநிலம் மாறினால் பெயரும் மாறும். நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றம் அல்ல. வழக்குகள் தொடங்குகிற இடமே அதுதான். பென்சில்வேனியாவில் சிவில் கட்டுகளை வைத்திருப்பவருக்கு புரோத்தோனோட்டரி என்று பெயர். லூசியானாவில் கவுன்ட்டியே கிடையாது, பாரிஷ் என்பார்கள். கலிஃபோர்னியாவில் 58 கவுன்ட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். அந்த அளவில் அது எளிது.

எந்தக் கவுன்ட்டி?

தபால் முகவரியில் இருக்கும் ஊரை வைத்துக் கவுன்ட்டியை முடிவு செய்யாதீர்கள். டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுன்ட்டிகளில் கிடக்கிறது. ஹூஸ்டன் பக்கம் கேட்டி மூன்றில்: ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர். சிகாகோ பக்கம் நேப்பர்வில் பாதி டூபேஜ், பாதி வில். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் சான்டா கிளாரா கவுன்ட்டி, கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஃப்ரீமான்ட் அலமேடா கவுன்ட்டி. அந்த வீட்டுக்கு எந்தக் கவுன்ட்டியில் சொத்துவரி போகிறது என்று பாருங்கள், அதுவே சரியான விடை.

விவாகரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டெக்சாஸில் கணவனோ மனைவியோ ஒருவர் மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுன்ட்டியில் 90 நாளும் வசித்திருந்தால் அங்கே மனு போடலாம். பிரிந்த பின் மனைவி தோழி வீட்டுக்குப் பக்கத்துக் கவுன்ட்டிக்குப் போயிருந்தால் வழக்கு அங்கே இருக்கக்கூடும். ஆகவே கணவன் இருந்த இடம், மனைவி இருந்த இடம், பக்கத்துக் கவுன்ட்டிகள் என்று மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் போங்கள்.

இணையத்தில் தொடங்குங்கள்

கூகுளில் தேடினால் முதல் பக்கம் முழுக்கத் தனியார் தளங்கள் நிற்கும். கோர்ட் தளம் போலவே நீல நிறம், கழுகுச் சின்னம் எல்லாம் வைத்து, பெயரை அடிக்கச் சொல்லி, பத்து நிமிடம் தேடுவதுபோல் படம் காட்டி, கடைசியில் கிரெடிட் கார்டு கேட்கும். அங்கே பணம் கட்டாதீர்கள். மாநில நீதித்துறையின் தளத்திலிருந்து இறங்கி வாருங்கள். மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையம் தன் தளத்தில் எல்லா மாநிலங்களுக்கும் இணைப்பு கொடுத்திருக்கிறது. முகவரி டாட் கவ் என்று முடிந்தால் நிம்மதி. சில கவுன்ட்டிகள் வேறு முடிவும் வைத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் கவுன்ட்டியின் முதல் பக்கத்திலிருந்து சொடுக்கிப் போங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் தாராளம் வேறுபடும். விஸ்கான்சினின் 72 கவுன்ட்டிகளையும் ஒரே இடத்தில் இலவசமாகத் தேடலாம். மேரிலாந்து, மிசௌரி, இண்டியானாவிலும் மாநிலம் முழுக்க ஒரே தேடல் உண்டு. டெக்சாஸில் ரீசர்ச் டெக்சாஸ் என்று மாநிலத் தளம் இருந்தாலும், 254 கவுன்ட்டிகளில் பலவற்றுக்குச் சொந்தத் தளம்தான் நம்பகமானது. கலிஃபோர்னியாவில் நீதிமன்ற விதிப்படி குடும்ப வழக்கு, கிரிமினல் வழக்குகளின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து திறக்க முடியாது. வழக்கு இருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்க நேரில் போக வேண்டும், இல்லையென்றால் தபாலில் நகல் கேட்க வேண்டும். இது ஊரிலிருந்து தேடுகிறவர்களுக்குப் பெரிய தடை. அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது.

நம் பெயர்களைத் தேடுவது எப்படி

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கோர்ட் தேடல் பக்கங்கள் எல்லாம் ஸ்மித், ஜான்சன்களுக்காகச் செய்தவை. குடும்பப் பெயர் ஒரு கட்டம், முதல் பெயர் ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை. அப்பா பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராக நிற்கும். மனைவிக்குக் கணவன் பெயர். பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். விசாவில் அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்-என்-யு' என்று மூன்று எழுத்து உட்கார்ந்துகொள்ளும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்சிலும் அப்படியே ஏறி, கோர்ட் கட்டிலும் அதே பெயரில் வழக்கு கிடக்கும். அந்த மூன்று எழுத்தை முதல் பெயராக அடித்துத் தேடினால் சில கட்டுகள் சட்டென்று வந்து விழுகின்றன.

ஆக, ஒருவரைத் தேட இந்த வரிசையில் போங்கள். முதலில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. அப்புறம் இரண்டு பெயரையும் இடம் மாற்றி. அப்புறம் அப்பா பெயருக்கு இனிஷியல் மட்டும் போட்டு. கூட்டுப் பெயராக இருந்தால், முத்துக்குமார் போல, சேர்த்தும் பிரித்தும். விவாகரத்து என்றால் கணவன் மனைவி இருவரில் யார் பெயர் அபூர்வமோ அதை முதலில் அடியுங்கள். 'குமார்' என்று அடித்து நானூறு பேரைப் பார்ப்பதைவிட 'யாழினி' என்று அடித்து நான்கு பேரைப் பார்ப்பது மேல்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. கார்த்திக்கின் நடுவில் 'டி'யோடு 'எச்' வருமா, கடைசியில் 'சி-கே'யா வெறும் 'கே'யா? லட்சுமிக்கு 'கே-எஸ்-எச்' போடுபவர்களும் உண்டு, 'எக்ஸ்' போடுபவர்களும் உண்டு. பல தளங்களில் சவுண்டெக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் டிக் போடுங்கள். ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கிற முறை அது. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும். கார்த்திக்கின் எல்லா வடிவமும் அதில் ஒன்றாக வந்துவிடும். லட்சுமியும் அப்படியே.

ஆனால் இரண்டு இடத்தில் அது நம்மைக் கைவிடும். ஒன்று ழகரம். 'இசட்-எச்' என்று எழுதினால் ஓர் எண், 'எல்' என்று எழுதினால் வேறு எண். கனிமொழி, எழிலன், தமிழ்ச்செல்வி எல்லோரையும் இரண்டு விதமாகத் தனித்தனியே தேட வேண்டும். இன்னொன்று முதல் எழுத்து. செல்வி என்பதைத் தமிழ்நாட்டுக்காரர் 'எஸ்'ஸில் தொடங்குவார், இலங்கைத் தமிழர் பலர் 'சி-எச்'சில் தொடங்குவார்கள். சவுண்டெக்ஸுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். ஞானம், ஞானசேகரன் வகைப் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

சில தளங்கள் முதல் மூன்று நான்கு எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறியை ஏற்கும்; மீதி எழுத்துகள் எப்படி இருந்தாலும் தேடித் தரும். அது பெரிய உதவி.

பெயர் கிடைத்ததும் ஆள் கிடைத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே கவுன்ட்டியில் நான்கு செந்தில்குமார் இருப்பது சாதாரணம். பிறந்த வருடம், வழக்கில் உள்ள மனைவி பெயர், பழைய முகவரி, இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். வேறொருவர் வழக்கை உங்கள் மாப்பிள்ளை தலையில் கட்டுவது அந்தப் பையனுக்குச் செய்கிற அநியாயம்.

வழக்கு நடந்த விவரத்தைப் படிப்பது

வழக்கு எண்ணைச் சொடுக்கினால் தேதிவாரியாக ஒரு பட்டியல் வரும். டாக்கெட் என்பார்கள், கலிஃபோர்னியாவில் ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ். நம் ஊர்க் கோர்ட்டின் வாய்தா விவரம் போல. எண்ணிலேயே கொஞ்சம் செய்தி இருக்கும். காலின் கவுன்ட்டியில் முதலில் வருவது எந்த டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்பது, நடுவில் வரிசை எண், கடைசியில் வருடம்.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். முதல் கவுன்ட்டியில் அந்தப் பையன் பெயரில் விவாகரத்து மனு ஒன்று இருந்தது. தலைப்பு, "இன்னாருக்கும் இன்னாருக்கும் ஆன திருமண விஷயத்தில்" என்ற பொருளில். டெக்சாஸ் விவாகரத்து வழக்குகளுக்கு அப்படித்தான் தலைப்பு வைப்பார்கள். கீழே வரிகள்: ஒரிஜினல் பெட்டிஷன் ஃபார் டிவோர்ஸ். அப்புறம் எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை. அப்புறம் எட்டு மாதம் ஒன்றுமில்லை. கடைசி வரி, டிஸ்மிஸ்டு ஃபார் வான்ட் ஆஃப் பிராசிக்யூஷன். பக்கத்தின் மேலே, வழக்கின் நிலை: முடிந்தது.

இதை ஒருவர் இரண்டு விதமாகத் தவறாகப் படிக்கலாம். 'முடிந்தது' என்பதைப் பார்த்து விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைக்கலாம். ஆகவில்லை. மனுவைத் தொடர்ந்து நடத்தாததால் கோர்ட் தள்ளுபடி செய்திருக்கிறது. திருமணம் அப்படியே நிற்கிறது. நோட்டீஸ் ஆஃப் நான்சூட் என்று இருந்தாலும் அதே கதைதான், மனு போட்டவரே திரும்பப் பெற்றுவிட்டார் என்று அர்த்தம். விவாகரத்து ஆனதற்கு ஒரே அடையாளம் ஃபைனல் டிக்ரீ ஆஃப் டிவோர்ஸ் என்ற வரி. அதில் நீதிபதி கையெழுத்திட்ட தேதி இருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, இத்தோடு நிறுத்திவிட்டு "பையன் பொய் சொல்கிறான்" என்று ஊருக்குப் போன் போடுவது. நான் அதைச் செய்யும் நிலையில்தான் இருந்தேன். கையில் போனை எடுத்துவிட்டேன். அப்புறம் பக்கத்துக் கவுன்ட்டியில் பையனின் முதல் மனைவி பெயரை அடித்துப் பார்த்தேன். அடுத்த வருடம் அவர் அங்கே மனு போட்டிருக்கிறார், நான்கு மாதத்தில் டிக்ரீயும் வந்திருக்கிறது. பையன் சொன்னது உண்மை. பேப்பரைத் தர முடியாது என்று அவர் வீட்டில் யாரோ தெரியாமல் சொல்லிவிட்டார்கள்.

தேதிகளையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக்சாஸில் மனு போட்டு 60 நாள் கழியாமல் பொதுவாக விவாகரத்து தர மாட்டார்கள். குடும்ப வன்முறை வழக்குகளுக்கு விலக்கு உண்டு. டிக்ரீ ஆன பிறகும் 30 நாளுக்குள் கோர்ட் அனுமதியின்றி வேறு ஒருவரை மணக்கக் கூடாது. இந்த இரண்டும் இடித்தால் கூடுதலாக விசாரியுங்கள்.

டெக்சாஸில் எந்தக் கவுன்ட்டி என்றே தெரியாவிட்டால், மாநில சுகாதாரத் துறையின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு 1968 முதல் நடந்த விவாகரத்துகளுக்கு அட்டவணை வைத்திருக்கிறது. 20 டாலர் கட்டினால் சரிபார்ப்புக் கடிதம் தருவார்கள். கவுன்ட்டி பெயர் அதில் கிடைத்ததும் நேராக அங்கே போகலாம்.

கவுன்ட்டரில்

வாசலில் விமான நிலையம் போல ஸ்கேனர் இருக்கும். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். சில கோர்ட்டுகளில் போனை உள்ளே விட மாட்டார்கள், ஆகவே வழக்கு எண்ணைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். கிளர்க் ஆபீசில் பொதுமக்களுக்கென்று ஒன்றிரண்டு கணினி போட்டிருப்பார்கள். வீட்டிலிருந்து திறக்காத ஆவணங்கள் அதில் திறக்கும், பார்க்கக் காசு இல்லை. நகலுக்குத்தான் காசு.

என்ன கேட்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "இந்த வழக்கு எண்ணில் இறுதித் தீர்ப்பின் சர்ட்டிஃபைடு காப்பி வேண்டும்." கதை சொல்லத் தேவையில்லை. இந்தத் தீர்ப்பால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பதில் வராது. சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது. படித்துப் பார்க்க மட்டும் என்றால் சாதா நகல் போதும். ஏதாவது அரசு அலுவலகத்தில் கொடுக்க என்றால் முத்திரையோடு சான்றிட்ட நகல்தான் வேண்டும்.

கட்டணம் டெக்சாஸில் பக்கத்துக்கு 1 டாலர், கவுன்ட்டி கிளர்க்கிடம் சான்றுக்கு 5 டாலர். ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1, சான்றுக்கு 2. கலிஃபோர்னியாவில் பக்கம் 50 சென்ட்தான், ஆனால் சான்றுக்கு 40 டாலர். விவாகரத்துத் தீர்ப்பு என்றால் 15. தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அங்கே இன்னொரு 15. கட்டணங்கள் அவ்வப்போது மாறும், போகும் முன் ஒரு போன் போடுங்கள்.

ஒருமுறை நண்பருக்காக ஒரு கவுன்ட்டருக்குப் போனபோது "அந்தக் கட்டு இங்கே இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் போய், "இல்லை என்றால் அழிக்கப்பட்டதா, வெளிக் கிடங்கில் இருக்கிறதா, சீல் வைத்ததா?" என்று கேட்டேன். வெளிக் கிடங்கில் இருந்தது. நான்கு நாளில் வரவழைத்துக் கொடுத்தார்கள். பழைய கட்டுக்கு இந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் தபாலில் கேட்கலாம். வழக்கு எண், இரு தரப்பின் பெயர், எந்த ஆவணம், எத்தனை நகல், சாதாவா சான்றிட்டதா, உங்கள் போன் எண், தபால்தலை ஒட்டிய உறை, மணி ஆர்டர். பல கவுன்ட்டிகள் இணையத்தில் கார்டு வாங்கிக்கொண்டு அனுப்புகின்றன. திருநெல்வேலியிலிருந்தும் ஆர்டர் போடலாம்.

திறக்காத கட்டுகள்

சிறார் வழக்கு, தத்தெடுப்பு, மனநலச் சிகிச்சை வழக்குகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் மூடியவை. நியூயார்க்கில் விவாகரத்துக் கட்டை கணவன் மனைவியும் அவர்கள் வக்கீல்களும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. அங்கே மாப்பிள்ளையையே நகல் எடுத்துத் தரச் சொல்வதுதான் வழி. கோர்ட் அழிக்கச் சொன்ன குற்ற வழக்குகளும் தேடலில் வராது, வரவும் கூடாது. மற்றபடி "தர முடியாது" என்று சொன்னால், எந்தச் சட்டம் அல்லது எந்த உத்தரவின்படி என்று பணிவாக எழுத்தில் கேளுங்கள். மேற்பார்வையாளர் வந்து பார்த்ததும் பாதி விஷயம் தீர்ந்துவிடும்.

குடியுரிமை மனுவுக்காகத் தேடுபவர்கள்

ஒரே ஒரு முறை கைதாகி, வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், குடியுரிமை மனுவில் அதைச் சொல்லி, வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கான சான்றிட்ட நகலை வைக்க வேண்டும். இதற்கு டிஸ்போசிஷன் என்று பெயர். கட்டே அழிந்துவிட்டது என்றால் கிளர்க்கிடம் "தேடினோம், ஆவணம் இல்லை" என்று ஒரு கடிதம் முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். டெக்சாஸில் டிஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைத்து நிபந்தனைகளோடு கண்காணிப்பில் விடுவது) வாங்கியவர்கள் மிகவும் கவனமாக இருங்கள். மாநிலச் சட்டத்தில் அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. குடியேற்றச் சட்டத்தில் பெரும்பாலும் தண்டனையாகவே எண்ணப்படும். "தள்ளுபடி ஆயிடுச்சு" என்று நண்பர்கள் சொல்வதை நம்பி மனு போடாதீர்கள். நகலை எடுத்துக்கொண்டு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், அப்புறம் மனு.

வீடு, கான்ட்ராக்டர், வாடகைக்காரர்

வீடு வாங்கும் முன் நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அது இங்கே கவுன்ட்டியின் நிலப் பதிவுகளில் இருக்கிறது. விற்பவர் பெயரில் லிஸ் பெண்டன்ஸ் என்று ஏதாவது இருந்தால் அந்தச் சொத்தின்மேல் வழக்கு நிலுவையில் உள்ளது. வேலை செய்து காசு வராத கான்ட்ராக்டர் போட்ட லீன் (பாக்கிக்காகச் சொத்தின்மேல் பதியும் உரிமை), தோற்ற கடன் வழக்கின் தீர்ப்பைப் பதிவு செய்த ஜட்ஜ்மென்ட் லீன் எல்லாம் அங்கேயே தெரியும். சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி இதைப் பார்க்கும்தான். இருந்தாலும் முன்பணம் கட்டும் முன் நீங்களும் அரை மணி நேரம் பாருங்கள். கான்ட்ராக்டரைத் தேடும்போது கம்பெனி பெயர், முதலாளி பெயர் இரண்டையும் அடியுங்கள். வழக்கு போட்டிருக்கிறார்கள் என்பதே குற்றம் ஆகாது, எப்படி முடிந்தது என்று பாருங்கள்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் ஆள் எடுப்பவர்களும் பின்னணி விசாரணைக் கம்பெனி மூலம் அறிக்கை வாங்கினால் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் பொருந்தும்; ஆள் எடுப்பவர்கள் விண்ணப்பதாரரின் எழுத்து அனுமதியை முதலில் வாங்க வேண்டும். அந்த அறிக்கைகளில் பெயர்க் குழப்பம் அதிகம் என்பதால், சந்தேகம் வந்தால் மூலக் கட்டைப் பாருங்கள்.

நகலை ஊருக்கு அனுப்புவது

இந்திய அலுவலகம் ஒன்றில் அமெரிக்கக் கோர்ட் தீர்ப்பைக் கொடுக்க வேண்டுமானால் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று) கேட்பார்கள். இந்த முத்திரைக்கான சர்வதேச உடன்படிக்கையில் 2005 முதல் இந்தியா இருக்கிறது. டெக்சாஸ் தீர்ப்பு என்றால் கிளர்க்கிடம் புதிதாக எடுத்த சான்றிட்ட நகலை ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆவணத்துக்கு 15 டாலர். எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். மின்னஞ்சலில் வரும் மின்சான்று நகல் வேண்டாம், மை முத்திரையுள்ள காகிதமே கேளுங்கள். நியூயார்க் போன்ற மாநிலங்களில் இடையில் கவுன்ட்டி கிளர்க்கின் சான்று ஒன்றும் வேண்டும்.

சித்தப்பாவுக்கு டிக்ரீ நகல் ஒன்று எடுத்து அனுப்பினேன். அதைப் பையன் வீட்டாரிடம் காட்டியபோது பையனே வாங்கிப் பார்த்து, "எங்கிட்ட இருந்த நகல் வீடு மாறினதுல தொலைஞ்சு போச்சு மாமா, இதை நானே வெச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, கல்யாணப் பதிவுக்கு நகல் வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டார். மறுபடி லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றேன். அதனால் சொல்கிறேன், கவுன்ட்டரில் நிற்கும்போதே இரண்டு நகலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.